ஏழு யுகங்களும் ஒரே திட்டமும்: ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

விவிலியத்தை விளக்க எழுந்த நூல்கள் எண்ணிறந்தவை. ஆனால் விவிலியத்தின் பக்கத்துக்குள்ளேயே குடியேறி, மூலத்தோடு ஒட்டி வாழ்ந்து, நாளடைவில் மூலத்தின் மதிப்பையே பெற்றுவிட்ட விளக்கநூல் மிகச் சிலவே. 1909-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் நியூயார்க்கில் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு ஒத்துவாக்கிய வேதாகமம் அத்தகையது. மேலே ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பு, கீழே தொகுப்பாசிரியரின் குறிப்புகள், நடுவில் ஒத்துவாக்கியங்கள், இடையிடையே அவரே இட்ட தலைப்புகள். மேலே இருப்பது இறைவாக்கு, கீழே இருப்பது ஒரு மனிதரின் கருத்து என்பதைப் படிப்பவர் அறிவார். ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கத்தைப் புரட்டும் கண்ணுக்கு இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மங்கிப் போவது இயல்பு.

நம் விவிலியப் பதிப்புகளிலும் அடிக்குறிப்புகள் உண்டு. திருச்சபைச் சட்டமே அவற்றைக் கேட்கிறது. எனவே குறிப்பு எழுதியதை நாம் குறைகூற இயலாது. ஒரு குறிப்பு தான் நிற்கும் இடத்தை விளக்குகிறதா, அல்லது வெளியே தயாரான ஒரு திட்டத்துக்குள் அந்த இடத்தைப் பொருத்துகிறதா என்பதே நம் கேள்வி. ஸ்கோஃபீல்டின் குறிப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே நம் கணிப்பு.

அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நூலைப் பற்றித் தமிழ்க் கத்தோலிக்கர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். "இரகசிய வருகை", "சபை எடுத்துக்கொள்ளப்படுதல்", "ஏழு வருட உபத்திரவம்", "ஆயிர வருட அரசாட்சி" என்னும் சொற்களைக் கேட்டறியாத பங்கு இன்று நம்மிடையே இல்லை. கன்வென்ஷன் பந்தல்களிலும், தொலைக்காட்சி மறையுரைகளிலும், வீட்டுச் செபக் கூட்டங்களிலும் இவை நற்செய்தியின் அரிச்சுவடிபோல் வழங்குகின்றன. இவற்றைச் சொல்பவர்களிலும் கேட்பவர்களிலும் பெரும்பாலோர் ஸ்கோஃபீல்டு என்னும் பெயரையே அறியார். எழுதியவர் பெயர் மறைந்து, எழுதியது மட்டும் விவிலியத்தின் சொந்தக் கருத்தாக உலவும்போதுதான் திறனாய்வுக்கு வேலை வருகிறது.

சைரஸ் இங்கர்சன் ஸ்கோஃபீல்டு 1843-இல் பிறந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர் படையில் இருந்தவர், தொழிலால் வழக்கறிஞர், 1879-இல் மனமாற்றம் பெற்று, பின்னர் டாலஸ் நகரில் ஒரு சபைக்குப் போதகரானார். வழக்கறிஞரின் கை அவர் எழுத்தில் தெரிகிறது. சட்டநூலைப் பிரிவு பிரிவாக வகைப்படுத்துவதுபோல் அவர் விவிலியத்தை வகைப்படுத்தினார். 1888-இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பே, உண்மையின் வார்த்தையைச் சரியாகப் பகுப்பது பற்றியது. பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் (2:15) வரும் கிரேக்கச் சொல், நேராக வெட்டுதல், செம்மையாகக் கையாளுதல் என்னும் பொருளது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அது "பகுத்தல்" என்றானது; அந்த ஒரு சொல்லிலிருந்து ஒரு முறையே முளைத்தது.

ஆனால் திட்டத்தின் தந்தை ஸ்கோஃபீல்டு அல்லர். அயர்லாந்துக் குடும்பத்தில் பிறந்து, 1826-இல் அந்நாட்டு ஆங்கிலிக்கன் சபையில் குருவாகி, விக்லோ மலைப்பகுதி ஏழைகளிடையே பணியாற்றிய ஜான் நெல்சன் டார்பியே (1800-1882) அதன் தந்தை. அவருடைய கதையில் கத்தோலிக்கருக்கு ஒரு பங்குண்டு. கத்தோலிக்க மறையை விட்டுத் தம் சபைக்கு வருவோர் ஆங்கில அரசருக்கு உறுதிமொழி செய்யவேண்டும் என்று டப்ளின் ஆங்கிலிக்கன் பேராயர் விதித்தார். கிறிஸ்துவிடம் வருவோரை அரசரிடம் ஏன் அனுப்புகிறீர் என்று கொதித்தார் டார்பி. அக்கொதிப்பு நியாயமானது, அரசின் ஒரு துறையாகிவிட்ட சபையைக் கண்டு மனம் நொந்தவர் அவர். 1827-இல் குதிரை விபத்தில் காயமுற்றுப் படுத்திருந்த நாட்களில் விவிலியத்தையே மீண்டும் மீண்டும் வாசித்தார். திருச்சபை விண்ணகத்துக்கு உரிய மக்கள், இஸ்ரயேல் மண்ணகத்துக்கு உரிய மக்கள், இருவருக்கும் இறைவன் வைத்திருக்கும் திட்டங்கள் வேறு வேறு என்னும் முடிவுக்கு வந்தார். கண்ணால் காணும் திருச்சபை அழிந்துபோயிற்று, அதை மீண்டும் எழுப்ப இயலாது என்பதும் அவருடைய போதனை.

இந்தக் கடைசிக் கருத்தே மற்றவற்றுக்கெல்லாம் சாவி என நாம் எண்ணுகிறோம். காணக்கூடிய திருச்சபை பாழாகிவிட்டது என்று நம்பும் மனிதருக்கு, பாழாவதே ஒவ்வொரு காலத்தின் விதி என்று கூறும் இறையியல் தேவைப்படுகிறது; பாழிலிருந்து சிலரை மட்டும் சத்தமின்றித் தூக்கி எடுத்துச்செல்லும் வருகையும் தேவைப்படுகிறது. டார்பியின் உலக முடிவுக் கொள்கை அவருடைய திருச்சபைக் கொள்கையின் நிழல். இதை மறந்துவிட்டு ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியே விவாதிப்பவர்கள் மரத்தை விட்டு இலையை வெட்டுகிறார்கள்.

தமிழ் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு தொடர்பு உண்டு. டார்பியின் தொடக்ககாலத் தோழர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத் தொழிலைத் துறந்து, பாக்தாது வழியாக 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு இணைந்து உழைத்தவரே திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர், 1860-இல் அப்பகுதியில் எழுந்த எழுப்புதலின் முதன்மையானவர். குரோவ்ஸ் 1836-இலேயே டார்பிக்குக் கடிதம் எழுதி, அன்பினால் ஒன்றுபடத் தொடங்கிய நாம் இப்போது கருத்து வேற்றுமைக்காகப் பிரியத் தொடங்குகிறோமே என்ற கருத்தில் எச்சரித்தார். எச்சரிக்கை பலிக்கவில்லை. 1848-இல் அந்தச் சகோதரர் இயக்கமே இரண்டாகப் பிளந்தது.

இனி அந்த ஏழு யுகங்கள். குற்றமறியா நிலை, மனச்சான்று, மனித ஆட்சி, வாக்குறுதி, திருச்சட்டம், அருள், இறுதியாக ஆயிரமாண்டு அரசு என்று ஸ்கோஃபீல்டு எண்ணுகிறார். ஒவ்வொரு யுகத்திலும் இறைவன் தம் விருப்பத்தை ஒரு குறிப்பிட்ட வகையில் வெளிப்படுத்தி மனிதனைச் சோதிக்கிறார். ஒவ்வொன்றிலும் மனிதன் தோற்கிறான். தீர்ப்போடு அந்த யுகம் முடிகிறது. இதற்கு அவர்கள் வழங்கும் பெயர் டிஸ்பென்சேஷன். அச்சொல்லின் வேர், புதிய ஏற்பாட்டில் வரும் "ஒய்கொனோமியா" என்னும் கிரேக்கச் சொல். வீட்டை நடத்தும் பொறுப்பு என்பதே அதன் பொருள். பவுல் அதை எங்கே, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று எபேசியர் திருமுகத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விண்ணிலும் மண்ணிலும் உள்ள அனைத்தையும் கிறிஸ்து என்னும் ஒரே தலையின்கீழ் ஒன்றுசேர்ப்பதே அந்தத் திட்டம் என்கிறார் (1:10). மூன்றாம் அதிகாரத்திலும் அச்சொல் வருகிறது. அங்கே யூதரும் பிற இனத்தாரும் ஒரே உடலின் உறுப்புகளாவதே மறைபொருள் என்கிறார். ஒன்றுசேர்ப்பதற்காகப் பவுல் கையாண்ட சொல், பிரித்து அடுக்குவதற்கான சொல்லாக மாறியது, இந்த நெறியின் வரலாற்றில் நம்மை மிகவும் வியப்பில் ஆழ்த்துவது.

மீட்பு வரலாற்றில் படிநிலைகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. புனித அகுஸ்தினார் உலக வரலாற்றை ஆறு பருவங்களாகப் பகுத்தார். புனித இரேனியு இறைவன் மனித இனத்தோடு செய்த நான்கு உடன்படிக்கைகளைப் பற்றி எழுதினார். ஆனால் அவர்கள் கண்ட படிகள் ஒரே ஏணியின் படிகள். ஸ்கோஃபீல்டு காட்டுவது அடுத்தடுத்து இடிந்துவிழும் ஏழு வீடுகள். யோவான் 1:17-க்கு அவர் எழுதிய குறிப்பு, முந்திய யுகத்தில் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே மீட்பின் நிபந்தனையாய் இருந்ததுபோல் பொருள்படும்படி அமைந்தது. அப்படியானால் மீட்புக்கு இரண்டு வழிகளா என்ற கண்டனம் அவர்கள் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1967-இல் வந்த திருத்தப் பதிப்பு அவ்வாசகத்தை மாற்றியமைத்தது. ஆபிரகாம் நம்பினார், அது அவருக்கு நீதியாகக் கருதப்பட்டது என்பதைப் பவுல் ஒரு முழு அதிகாரம் எழுதி விளக்கியிருக்க, இந்தத் திருத்தத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அவர்களுடைய பெருமையெல்லாம் தாங்கள் விவிலியத்தை நேர்ப்பொருளில் வாசிக்கிறோம் என்பதே. சார்லஸ் ரைரி 1965-இல் எழுதிய நூலில், இஸ்ரயேலையும் திருச்சபையையும் வேறுபடுத்துவதோடு நேர்ப்பொருள் வாசிப்பையும் இந்நெறியின் இன்றியமையாத அடையாளமாக வைத்தார். ஆகவே அந்த அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம்.

தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் எழுபது வாரங்கள் குறிக்கப்படுகின்றன. வாரம் என்பது ஏழாண்டு எனக் கொண்டால் 490 ஆண்டுகள். ஸ்காட்லாந்து யார்டு காவல்துறையில் உயர் அலுவலராய் இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன், ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டு, முதல் 69 வாரங்கள் சரியாக 1,73,880 நாள் எனக் கணக்கிட்டு, கி.மு. 445-இல் தொடங்கி கி.பி. 32-இல் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்த நாளோடு அதை முடித்தார். நாள் பிசகாத கணக்கு! ஆனால் எழுபதாவது வாரம்? அது இன்னும் தொடங்கவில்லை என்கிறார்கள். 69-க்கும் 70-க்கும் நடுவே கடிகாரம் நின்றுவிட்டதாம். நின்ற அந்த இடைவெளியே திருச்சபையின் காலமாம். 490 ஆண்டுக் கணக்குக்குள் அதைப்போல் நான்கு மடங்குக்கும் நீண்ட இடைவெளி ஒன்று புகுத்தப்படுகிறது. தானியேல் நூலில் அதற்கு ஒரு சொல்லும் சான்றில்லை. நாளை எண்ணுவதில் இத்தனை கண்டிப்பு. நூற்றாண்டுகளை விழுங்குவதிலோ அத்தனை தாராளம். கி.மு. 167-இல் அந்தியோக்கு எப்பிபானு எருசலேம் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தியதும், துன்புற்ற யூதர்கள் இன்னும் எவ்வளவு காலம் என்று கதறியதும் அந்த அதிகாரத்தின் பின்னணி என்பதை மறந்தால், வாதையில் இருந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் வெறும் கணக்குப் புதிராகிவிடுகிறது.

எசேக்கியேல் 38-இல் மேசேக்கு, தூபால் என்ற பெயர்கள் வருகின்றன. ஸ்கோஃபீல்டின் குறிப்பு இவற்றை மாஸ்கோ, தோபோல்ஸ்க் என்று அடையாளம் காட்டுகிறது. ஒலி ஒத்திருப்பதைத் தவிர வேறு ஆதாரமில்லை; அவை சிற்றாசியப் பகுதியில் வாழ்ந்த பழங்குடிகளின் பெயர்கள். இந்தக் குறிப்பின் வழிவந்த ஹால் லிண்ட்சே 1970-இல் எழுதிய நூல் பல இலட்சம் படிகள் விற்றது. 1948-இல் இஸ்ரயேல் நாடு தோன்றியதிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் எல்லாம் நிறைவேறலாம் என்று அது கோடிட்டுக் காட்டியது. 1988 வந்து போயிற்று. 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. படிகள் தொடர்ந்து விற்றன.

திருவெளிப்பாடு நூலின் 2, 3-ஆம் அதிகாரங்களில் ஆசியாவின் ஏழு நகரத் திருச்சபைகளுக்கு ஏழு கடிதங்கள் உள்ளன. நேர்ப்பொருள் என்றால் இவை எபேசு முதல் இலவோதிக்கேயா வரை வாழ்ந்த மாந்தருக்கு எழுதப்பட்டவை. ஆனால் இங்கே மட்டும் நேர்ப்பொருளோடு நிற்காமல், இவை திருச்சபை வரலாற்றின் ஏழு காலங்களுக்கு முன்னறிவிப்பு என்கிறது அடிக்குறிப்பு. தியத்திரா யார் தெரியுமா? திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்ட நம் திருச்சபைதான்! இதற்காக நாம் சினங்கொள்ளவில்லை. எது நேர்ப்பொருள், எது உருவகம் என்பதை வசனம் தீர்மானிக்கவில்லை, திட்டம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். எசேக்கியேல் கண்ட கோவிலில் காளைகள் பலியிடப்படுகின்றன. நேர்ப்பொருள்படி ஆயிரமாண்டு அரசில் அப்பலிகள் மீண்டும் நடக்கவேண்டும். ஒரே முறை செலுத்தப்பட்ட பலி பற்றி எபிரேயர் திருமுகம் முழங்குகிறதே? அந்தப் பலிகள் சிலுவையைத் திரும்பிப் பார்க்கும் நினைவுப் பலிகளாய் இருக்கும் என்று குறிப்பு சமாதானம் கூறுகிறது. நற்கருணையில் கல்வாரிப் பலியின் நினைவு உண்மையாகவே நிகழ்கிறது என்று நாம் சொன்னால் இது சிலுவைக்கு இழுக்கு என்று கூறும் நண்பர்கள், வருங்காலக் காளைகளுக்கு அந்தச் சலுகையை எவ்வளவு எளிதாக வழங்கிவிடுகிறார்கள்!

இவையெல்லாம் அறிஞர் விவாதங்கள் என்று ஒதுக்கலாம். ஒதுக்க முடியாதது ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவைப் பற்றி ஸ்கோஃபீல்டு எழுதுகிறார்: அதன் முதன்மையான பொருத்தம் இறையரசுக்கே, திருச்சபையின் உரிமையோ கடமையோ அதில் நேரடியாகத் தரப்படவில்லை, அவற்றைத் திருமுகங்களில்தான் தேடவேண்டும். பிறரை மன்னித்தால்தான் மன்னிப்பு என்னும் வேண்டலோ சட்ட யுகத்தின் அடிப்படையில் அமைந்தது; அருளின் யுகத்தில் முறை வேறு. ஒழுக்கநெறியில் மலைப்பொழிவு கிறிஸ்தவருக்கும் பயன்படும் என்று அவர் சேர்த்துக்கொள்கிறார் என்பதையும் நேர்மையோடு குறிப்பிடுவோம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஆண்டவர் திருவாய் மலர்ந்து, சீடர்களை அருகே அமர்த்தி உரைத்த சொற்கள், அவர்தம் சீடர்களுக்கு இரண்டாம் நிலைப் பொருத்தம் உடையவை ஆகிவிடுகின்றன. பகைவரை நேசிப்பது, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுவது, நாளைய தினத்தைப்பற்றிக் கவலைப்படாதிருப்பது எல்லாம் வேறொரு யுகத்தின் அரசியல் சட்டமாகப் பூட்டிவைக்கப்படுகின்றன. மத்தேயு நற்செய்தியோ உயிர்த்த ஆண்டவரின் கட்டளையோடு முடிகிறது: தாம் கட்டளையிட்ட யாவற்றையும் எல்லா இனத்தாருக்கும் கற்பிக்க வேண்டும். "யாவற்றையும்" என்னும் சொல்லில் மலைப்பொழிவு அடங்கும் என்பதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை.

நம் பங்குகளில் சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட உடன்பிறந்தார் எத்தனை பேர்! ஞாயிறுதோறும் பலிபீடத்தின் முன் நின்று, மன்னிப்பதுபோல் மன்னியும் என்று வேண்டும்போது அவர்கள் குரல் தடுமாறுவதை நாம் அறிவோம். அந்தத் தடுமாற்றம் அருளின் வேலை. அந்த வேண்டல் உனக்குரியதன்று என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால், தடுமாற்றம் நின்றுவிடும், தகராறு நிற்காது.

இனி, மக்களை மிகவும் அச்சுறுத்தும் இரகசிய வருகை. ஆண்டவர் முதலில் மறைவாக வந்து உண்மையான விசுவாசிகளை எடுத்துக்கொள்வார். பிறகு ஏழாண்டு உபத்திரவம். அதன்பின் வெளிப்படையான வருகை என்பது போதனை. 1995-இல் தொடங்கித் தொடர்ந்து வெளிவந்த "விட்டுவிடப்பட்டோர்" என்னும் ஆங்கிலப் புதினங்கள் இதைக் கதையாக்கி உலகெங்கும் பரப்பின. நம் பங்கில் ஒரு தாய் கேட்டார்: "சாமி, விடியற்காலையில் எழுந்து பார்க்கும்போது என் பிள்ளைகள் மட்டும் போய்விட்டிருந்தால் நான் என்ன செய்வேன்?" அவருடைய பிள்ளைகள் வேறொரு செபக் கூட்டத்துக்குப் போகிறவர்கள். அந்தக் கேள்விக்குச் சிரித்துப் பதில் சொல்வது பாவம்.

இப்போதனையின் அடித்தளம் 1 தெசலோனிக்கர் 4:13-18. பவுல் அங்கே எதைப் பேசுகிறார்? வருகைக்கு முன்பே இறந்துவிட்டோரை எண்ணி அழும் ஒரு சின்னஞ்சிறு திருச்சபைக்கு அவர் எழுதுகிறார். இறந்தோர் பின்தங்கிவிட மாட்டார்கள், அவர்களே முதலில் எழுவார்கள் என்பதே செய்தி. விட்டுவிடப்படுவோரைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. ஒருவரும் விட்டுவிடப்படார் என்று தேற்றவே அப்பகுதி எழுதப்பட்டது. கட்டளைக் குரல், தலைமை வானதூதரின் ஓசை, எக்காளம் என்று இத்தனை முழக்கத்தோடு நிகழ்வதற்கு இரகசியம் என்று பெயரிட எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. ஆண்டவரை எதிர்கொள்ளுதல் என்று பவுல் கூறும் இடத்தில் "அப்பாந்தேசிஸ்" என்ற கிரேக்கச் சொல் உள்ளது. அதே சொல் பத்துக் கன்னியர் உவமையிலும், திருத்தூதர் பணிகள் 28:15-லும் வருகிறது. உரோமைச் சகோதரர் பவுலை எதிர்கொள்ள அப்பியு சந்தை வரையிலும் மூன்று விடுதி வரையிலும் வந்தனர். அவரோடு அங்கிருந்து வேறெங்கும் போய்விடவில்லை, அவரை அழைத்துக்கொண்டு உரோமைக்கே திரும்பினர். ஊருக்கு வரும் பெரியவரை எல்லை வரை சென்று மாலையிட்டு அழைத்துவரும் வழக்கமுடைய நமக்கு இது புரியாத காட்சி அன்று.

இருவர் வயலில் இருப்பர், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார் என்னும் மத்தேயு 24:40-ஐயும் காட்டுவார்கள். அதற்கு முந்திய வசனத்தில் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது பொல்லாதவரை, எஞ்சியவர் நோவா. அப்படியானால் விட்டுவிடப்படுவதே பேறு என்று வாதிடுவோர் உண்டு. இரு வசனங்களிலும் வரும் கிரேக்க வினைச்சொற்கள் வேறானவை ஆதலால் அந்த வாதத்தை நாம் அழுத்த விரும்பவில்லை. எப்படிக் கொண்டாலும், ஏழாண்டு இடைவெளியுள்ள இரண்டு வருகைகள் அங்கே இல்லை. அந்தத் தாய்க்கு நாம் சொன்னதும் இதையே: தெசலோனிக்காவில் அழுதவர்களுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டு உம்மை அழவைக்கிறார்கள், அம்மா.

இஸ்ரயேல் பற்றிய கேள்வியில் நாம் சற்று நிதானமாக நடக்கவேண்டும். ஏனெனில் இங்கே அவர்கள் ஓர் உண்மையைக் கையில் வைத்திருக்கிறார்கள். யூத மக்களுக்கு இறைவன் அளித்த வாக்குறுதி காலாவதியாகிவிட்டது என்று கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு காலம் பேசினார்கள். அதன் கசப்பான கனிகளை வரலாறு அறியும். இறைவனின் கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படா என்னும் உரோமையர் 11:29-ஐ முன்வைத்து, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய ஏட்டில் அந்தப் பார்வையைத் திருத்தியது. ஆனால் அதே அதிகாரத்தில் பவுல் காட்டுவது ஒரே ஒலிவ மரம். ஒரே வேர், ஒட்டப்பட்ட கிளைகளும் இயல்பான கிளைகளும் அதன் சாற்றையே பருகுகின்றன. இரண்டு தோட்டங்களில் இரண்டு மரங்கள் என்பது டார்பியின் ஓவியம். அவ்வோவியத்தில் திருச்சபை ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இடைச்செருகல்; யூதர்களோ ஒரு நாடகத்தின் பாத்திரங்கள். கடைசி அங்கத்தில் அவர்களுக்குப் பெருங்கேடு எழுதிவைக்கப்பட்டுள்ளது. இதை யூதர் மீதுள்ள அன்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அந்த நிலத்தில் ஈராயிரம் ஆண்டுகளாகச் செபித்துவரும் அரபுக் கிறிஸ்தவர்களுக்கு இந்நாடகத்தில் பாத்திரமே இல்லை. 2006-இல் எருசலேமின் இலத்தீன் மறைமுதுவர் மிக்கேல் சாபா, அந்நகரின் சிரிய ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் தலைவர்களோடு சேர்ந்து, இந்தப் போதனையிலிருந்து கிளைத்த கிறிஸ்தவச் சீயோனியத்தை மறுத்து அறிக்கை வெளியிட்டார். நிலவரைபடத்தில் இறைவாக்கின் நிறைவேற்றத்தைத் தேடுவோர், அந்த வரைபடத்தில் குடியிருக்கும் தம் சொந்தச் சகோதரரைக் காணவில்லை என்பதே அவர்தம் வேதனை.

நம் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். தொடக்ககாலத் தந்தையருள் யுஸ்தீனும் இரேனியுவும் ஆயிரமாண்டு அரசை எதிர்பார்த்தவர்களே. ஆனால் திருச்சபை எதிர்க்கிறிஸ்துவின் துன்பத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படும் என்று இரேனியு எண்ணவில்லை. அகுஸ்தினார் தாமும் ஒருகாலத்தில் அக்கருத்தைக் கொண்டிருந்ததாகக் கூறி, பின்னர் அந்த ஆயிரம் ஆண்டைத் திருச்சபையின் காலமாகவே விளக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவி ஃபியோரே யோவாக்கிம் தந்தை, மகன், ஆவி என மூன்று காலங்களாக வரலாற்றை வகுத்தபோது, கிறிஸ்துவின் சட்டத்துக்குப் பிறகு வேறொரு காலமில்லை என்று அக்குவினா தோமையார் மறுமொழி எழுதினார். உலக முடிவின் தீர்க்கதரிசனங்களை வருங்காலத்துக்குத் தள்ளி விளக்கியவர்களுள் ரிபேரா என்ற இயேசு சபையார் ஒருவர். சிலி நாட்டிலிருந்து நாடுகடத்தப்பட்டு இத்தாலியில் இறந்த மற்றோர் இயேசு சபையார் மனுவேல் லக்குன்சா, மெசியாவின் மாட்சிமிகு வருகை பற்றி யூதப் புனைபெயரில் எழுதிய நூலை உரோமை 1824-இல் தடைசெய்தது. மூன்றே ஆண்டில் எட்வர்டு இர்விங் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். டார்பியின் தலைமுறையினர் அதை ஆவலோடு வாசித்தனர். ஆகவே இந்த நெருப்புக்கு ஒரு கொள்ளி நம் அடுப்பிலிருந்தும் போயிருக்கிறது. திருச்சபையின் நிலை 1944-இல் திருப்பணி மன்றத்தின் ஆணையாலும், பின்னர் மறைக்கல்வி ஏட்டின் 676-ஆம் எண்ணாலும் தெளிவாக்கப்பட்டது: வரலாற்றுக்குள் நிறைவேறிவிடும் மெசியா அரசு என்னும் நம்பிக்கையை, மென்மைப்படுத்திய வடிவிலும் அது ஏற்பதில்லை. அதற்கு முந்திய எண் இன்னும் முக்கியமானது. ஆண்டவரின் வருகைக்கு முன் திருச்சபை இறுதிச் சோதனை ஒன்றைக் கடந்தே ஆகவேண்டும் என்கிறது அது. தலைக்குச் சிலுவை என்றால் உடலுக்கு மட்டும் விலக்கு ஏது?

எதிர்த்தரப்பும் அசையாமல் நிற்கவில்லை. டாலஸ் இறையியல் கல்லூரி வட்டத்திலிருந்தே கிரேக் பிளெய்சிங், டாரல் பாக் போன்றோர் 1990-களில் எழுதிய நூல்கள், யுகங்களுக்கிடையே சுவர்களைத் தாழ்த்தி, தாவீதின் அரியணையில் கிறிஸ்து இப்போதே அமர்ந்து ஆளத் தொடங்கிவிட்டார் என்று ஒப்புக்கொண்டன. மலைப்பொழிவு சீடர் அனைவருக்கும் உரியது என்பதும் அவர்களிடையே மீண்டும் இடம்பெற்று வருகிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளுக்கு இச்செய்தி இன்னும் வந்துசேரவில்லை.

நாம் அவர்களிடம் கடன்பட்ட ஒன்றும் உண்டு. ஒவ்வொரு திருப்பலியிலும், ஆண்டவரே நீர் வருமளவும் என்று அறிக்கையிடுகிறோம். வருவார் என்று எதிர்பார்க்கும் முகக்குறி எத்தனை பேரிடம் இருக்கிறது? திருவருகைக்காலம் நமக்குக் குடில் கட்டும் காலமாகச் சுருங்கிவிட்டது. காத்திருக்கும் பசியை நாம் ஊட்டாததால், கணக்குப் போடுபவர்கள் ஊட்டுகிறார்கள்.

ஆகவே வரும் திருவருகைக்காலத்தில் அன்பியங்கள்தோறும் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தை ஒரே அமர்வில், தொடக்கம் முதல் முடிவு வரை, உரக்க வாசிக்கக் கேட்டிருக்கிறோம். ஐந்தே அதிகாரங்கள், 89 வசனங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குமுன் அந்த ஆண்டில் அன்பியத்தில் இறந்தோரின் பெயர்களை ஒருவர் வாசிப்பார். அடிக்குறிப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.